உலகம்மாள் அறிந்த பத்து நகர்த்தல்கள்

செல்போனை அணைத்து, உறையில் போட்டு, மேலே பேரை எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விட முடியும் என்று வாசல் மேசைப் பெண் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது பேச்சிராஜின் போன் மறுபடி அடித்தது. மாமாதான். எடுத்தால், தங்கச்சியிடம் சொல்லிவிட்டாயா என்பார். எடுக்காவிட்டால் ஐந்து நிமிஷம் கழித்து அதையே கேட்பார். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அணைத்தான். உறையின்மேல் எழுதிய பேர் ‘பேச்சி’யோடு நின்றுவிட்டது. அதுவே போதும் என்று அந்தப் பெண் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அம்மா செத்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமையானாலும் பேச்சிராஜுக்கு ஒரகடத்துக் கம்பெனியில் ஓ.டி. எட்டேகால் மணிக்கு லைனில் நின்றவனை சூப்பர்வைசர் தோளில் தட்டி கம்பெனி வாசல் கேட்டுக்கு அனுப்பினார். மாத்தூரில் அவர்கள் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரி செல்லம்மாள் கேட்டுக்கே போன் போட்டிருந்தார். “தண்ணி புடிச்சிக்கினு இருந்தவங்க கொடத்தோட வுழுந்துட்டாங்கப்பா. ஆட்டோல ஏத்திட்டோம், நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு” என்றார். அவன் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். வரும்போதே முடிந்துவிட்டது, ஹார்ட் என்றார்.

உலகம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவள், பன்னிரண்டு வருஷமாக ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கினாள். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை. சாவதற்குக்கூட லீவு போடாமல், வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளைப் பார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

செய்தி கேட்டதும் மணிமங்கலத்திலிருந்து அவள் தம்பி வனமாமலை ஓடி வந்து காரியங்களைக் கையில் எடுத்துக்கொண்டார். அக்காளை ஊரில்தான் அடக்கம் பண்ண வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஐஸ் பெட்டிக்கும் வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்குள் கிளம்ப வேண்டும். தங்கச்சி இசக்கிசெல்வி காலை ஏழு மணிக்கே செஸ் போட்டிக்கு என்று ஷேர் ஆட்டோ ஏறிப் போயிருந்தாள். அவளுடைய போன் அணைந்து கிடந்தது. ஆளைப் போய்க் கூட்டிக்கொண்டு வா என்று மாமா விரட்டியதில், பேச்சிராஜ் கம்பெனிச் சட்டையும் சேஃப்டி ஷூவுமாக அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்திருந்தான்.

அது ஒரு தனியார் கல்லூரி அரங்கம். உள்ளே நாற்பது மேசைக்கு மேல் இருக்கும். ஆட்டக்காரர்களையும் மற்றவர்களையும் பிரித்து நடுவே ஒரு நைலான் கயிறு. முதல் வரிசையில், கயிற்றிலிருந்து எட்டடி தூரத்தில், இசக்கிசெல்வி உட்கார்ந்திருந்தாள். மாவட்டப் பெண்கள் அணித் தேர்வின் கடைசி ஆட்டம். முதல் நான்கு பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். இவளுக்கு ஒரு டிரா போதும். அவள் வேலை செய்யும் கம்பெனியில் வேலை நிரந்தரம் ஆனவர்களின் அடையாள அட்டைக்கு நீலக் கயிறு, கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பச்சை. நாலு வருஷமாக அவள் கழுத்தில் பச்சைதான். மாநில அளவில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு எழுதிப் போடலாம் என்று யாரோ சொன்னதிலிருந்து அம்மாவுக்கும் மகளுக்கும் வேறு பேச்சே கிடையாது.

நேராகப் போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் பேச்சிராஜ் வந்தான். கயிற்றைத் தூக்கிக் குனியும்போது, ஆட்டத்தை நடத்துகிற பரசுராமன் கையை நீட்டி மறித்தார். நரைத்த ஆள், கழுத்தில் அடையாள அட்டை, குரல் மட்டும் பஞ்சு மாதிரி.

“இன்னா சார் விஷயம்? ஆட்டம் ஸ்டார்ட் ஆயிடுச்சி. யாரும் பேசக்கூடாது.”

“தங்கச்சி சார். ரெண்டாவது போர்டு.”

“எமர்ஜென்சியா? அப்படின்னா சொல்லுங்க. நானே க்ளாக்க நிறுத்திட்டுக் கூட்டியாறேன்.”

அவ்வளவு சுலபமாக வழி கிடைக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் வாலாஜாபாத் சமாச்சாரம் அவன் நினைவுக்கு வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வாலாஜாபாத்தில் ஒரு போட்டி. அங்கே கயிறும் இல்லை, காவலும் இல்லை. மதியம் ஒரு மணி தாண்டியும் மகள் எழுந்து வரவில்லையே என்று பொறுக்க முடியாமல் உலகம்மாள் விறுவிறுவென்று உள்ளே போய், தூக்குச்சட்டியைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து, “சாப்பிட்டுட்டு வெளையாடுட்டி, அது எங்கயும் ஓடிராது” என்று சொல்லிவிட்டாள். கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்கிற மாதிரி, எதிரே இருந்த பெண்ணையும் சாப்பிடக் கூப்பிட்டாள். அந்தப் பெண் கையைத் தூக்கிப் புகார் செய்தாள். எதிராளிக்கு இரண்டு நிமிஷம் கூட்டிக் கொடுத்தார்கள். இசக்கிசெல்வி பதறிப்போய் அந்த ஆட்டத்தைத் தோற்றாள். மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கு வந்தாலும் உலகம்மாள் காம்பவுண்டுக்கு வெளியேதான் நிற்பாள். உள்ளே நடக்கிறது ஏதோ ஆபரேஷன் என்பதுபோல, வெளியே சத்தமாகத் தும்முகிறவர்களையும் முறைப்பாள்.

“இல்ல சார்,” என்றான் பேச்சிராஜ். “வீட்டு விஷயந்தான். ஆட்டம் முடியட்டும்.”

பரசுராமன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சரி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். செய்தது சரியா தப்பா என்று பேச்சிராஜுக்குத் தெரியவில்லை. அம்மா இருந்திருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. 

இசக்கிசெல்விக்கு வெள்ளைக்காய். எதிரே இருந்த ஷாரோன் ஸ்ரீபெரும்புதூர்க்காரி, கண்ணாடி போட்டவள், ஒவ்வொரு காயையும் வைத்த பிறகு விரலால் தொட்டு நேராக்குகிறவள். வெள்ளை, ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தியது. கறுப்பும் அதே மாதிரி எதிரே வந்து முட்டியது. அடுத்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு குதிரை. பிறகு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மந்திரி.

பேச்சிராஜுக்கு செஸ் தெரியாது. ஆனால் இந்த ஆரம்பம் மட்டும் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்த அளவு.

வேறு வழியில்லாமல் வந்த ஏற்பாடு அது. ஒரே பழகின ஆரம்பத்தைக் கை தானாகப் போகும்வரை ஆடிப் பார்க்க வேண்டும் என்று இசக்கிசெல்விக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். எதிரே ஆட ஆள் வேண்டுமே. அண்ணன் ஷிப்டு மாறி மாறிப் போகிறவன், பகலில் தூங்குகிறவன். அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத உலகம்மாள் கறுப்புக்காயின் பத்து நகர்த்தல்களையும் கோலப்புள்ளி மாதிரி மனசில் போட்டுக்கொண்டாள். எதற்கு அந்தக் காய் அங்கே போகிறது என்று அவள் கேட்டதுமில்லை, இவள் சொன்னதுமில்லை. சில சமயம் மகள் காயை நகர்த்துவதற்கு முன்பே தன் காயை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பாள். நான் இன்னும் வைக்கவே இல்லையே என்று இவள் கத்துவாள். நீ எங்கே வைத்தாலும் நான் இதைத்தான் வைக்கப் போகிறேன், சீக்கிரம் ஆகட்டும், உலை கொதிக்கிறது என்பாள் அவள். பத்து முடிந்ததும், “இதுக்கு மேல எனக்கு வழி தெரியாதும்மா” என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். இரவு ஷிப்டு முடிந்து அந்த ஒற்றை அறையின் மூலையில் படுத்துக் கிடந்த பேச்சிராஜ், அரைத் தூக்கத்தில் அந்தப் பத்தையும் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறான்.

இப்போது ஷாரோன் அம்மாவின் காய்களை வைத்துக்கொண்டிருந்தாள். நாலாவதாக இன்னொரு குதிரை. ஐந்தாவதாக ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாய் ஒரு கட்டம். பிசகாமல் அதே வரிசை. வெங்காயச் சாறு ஊறிக் கறுத்த விரல்களுக்குப் பதில் நகப்பூச்சுப் போட்ட விரல்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பேச்சிராஜ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆறாவதாக வெள்ளை ராஜா கோட்டைக்குள் போனது. நகர்த்தியதைத் தாளில் எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் இசக்கிசெல்வி அவனைப் பார்த்தாள். அவன் சிரிக்க முயன்றான். அவள் பார்வை அவன் முகத்தில் நிற்கவில்லை. சட்டைக்கு இறங்கியது, பேண்ட்டுக்கு இறங்கியது, சேஃப்டி ஷூவில் ஒரு கணம் நின்றது. பிறகு பலகைக்குத் திரும்பிவிட்டது. ஓ.டி. சீக்கிரம் முடிந்துவிட்டது, அண்ணன் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள் என்று அவன் தன்னைச் சமாதானம் செய்துகொண்டான்.

ஷாரோனும் ராஜாவைக் கோட்டைக்குள் வைத்தாள். இசக்கிசெல்வி யானையைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினாள். அது ஏழாவது. இந்த இடத்தில் அம்மா வலது ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவாள். மந்திரிக்குப் பின்னாடி ஒரு பொந்து விட்டு வைக்க வேண்டாமா என்று அதற்கு மட்டும் அவளாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அம்மா அதைத் தள்ளியதும் இசக்கிசெல்வி தன் மந்திரியை ஒரு கட்டம் பின்னுக்கு இழுப்பாள். நூறு தடவை, இருநூறு தடவை நடந்தது.

ஷாரோன் ஓரத்துச் சிப்பாயைத் தொடவில்லை. அவளுடைய குதிரை ஒரே தாவாகத் தாவி, வெள்ளை ராஜாவின் வாசலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்தக் குதிரை எதன்மேல் பாயப் போகிறது என்று பேச்சிராஜுக்குத் தெரியாது. ஆனால் அம்மாவின் குதிரை அங்கே வந்ததே இல்லை என்பது தெரியும். தங்கச்சி இனி யோசிப்பாள் என்று நினைத்தான்.

அவள் யோசிக்கவே இல்லை. கை நீண்டது. மந்திரியை ஒரு கட்டம் பின்னுக்கு இழுத்து வைத்தது. கடிகாரத்தைத் தட்டியது.

ஷாரோன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். அடுத்து அவள் குதிரை ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை வெட்டிக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், ராணிக்கு அடி, போச்சு என்று முணுமுணுத்தார்.

பேச்சிராஜ் பலகையையே பார்த்தான். இந்த அரங்கத்தில் இத்தனை பேர் இருக்கிறார்களே, இத்தனை பேரும் செஸ் தெரிந்தவர்கள், ஒருவருக்கும் அவள் என்ன செய்தாள் என்று விளங்கியிருக்காது. செஸ் தெரியாத அவனுக்கு விளங்கியது. எதிரே வந்த குதிரைக்கு அவள் பதில் ஆடவில்லை. அம்மா தள்ளாத சிப்பாய்க்கு ஆடியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேலை முடியாமல், ஷூவைக்கூட மாற்றாமல் அண்ணன் வந்து நிற்கிறான் என்றால் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லாமல் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும். சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு நின்ற அவனே, நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இப்போது எழுந்து வருவாள் என்று காத்திருந்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை. பலகையைப் பார்த்தபடியே இருந்தாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பிறகு ராணியை நகர்த்தினாள். தாளில் எழுதினாள். கயிற்றின் பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை.

பேச்சிராஜ் வெளியே போய் உறையை வாங்கி, போனை ஆன் பண்ணினான். மாமா ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தார்.

“எல பேச்சி, எங்கல நிக்க? சொல்லிட்டியா இல்லியா?”

“இல்ல மாமா. ஆடிக்கிட்டு இருக்கா. உள்ள பேச விடமாட்டாங்க. முடிஞ்சதும் கூட்டிட்டு வாரேன்.”

 கேன்டீன் ஆட்கள் மாலையோடு வந்து நிற்கிறார்கள், வண்டிக்காரன் வந்துவிட்டான் என்று என்னவோ சொன்னார். பிறகு குரல் தாழ்ந்தது. “தாய் பொணமாக் கெடக்கா. பிள்ளை உக்காந்து வெளையாடுதான்னு ஊர்ல நாளைக்கு ஒரு பேச்சு வரும்ல. அவளுக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியாது மாமா,” என்றான் பேச்சிராஜ். “சத்தியமாத் தெரியாது.”

பொய்ச் சத்தியம் அவனுக்குப் பழக்கமில்லை. சொன்ன பிறகு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. இனி ஊரில் யார் கேட்டாலும், பதினாறாம் நாள் காரியத்தில் கேட்டாலும், பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் இதையேதான் சொல்ல வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டான். போனை மறுபடி அணைத்து அதே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அதே இடத்தில் நின்றான்.

ஆட்டம் இன்னும் ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. நின்று பார்த்தவர்கள் ஒவ்வொருவராக அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். வெள்ளைக்காய் குறைந்துகொண்டே வந்தது. இசக்கிசெல்வி ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கன்னத்தில் கையை வைத்து யோசித்தாள். தோற்கிற ஆட்டத்துக்கு இவ்வளவு யோசனையா என்று பக்கத்தில் ஒருவர் சலித்துக்கொண்டார். அவரை ஓங்கி ஒன்று வைக்கலாம்போல பேச்சிராஜுக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் ராஜாவை மெதுவாகப் பலகையில் சாய்த்து வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். ஷாரோன் குலுக்கினாள். இருவரும் ஒருவர் தாளில் ஒருவர் கையெழுத்துப் போட்டார்கள். மாநிலப் போட்டி அத்துடன் முடிந்தது.

ஷாரோன் நல்ல பெண்போல. ஜெயித்ததில் அவளுக்கே திருப்தியில்லை. ஆட்டம் முடிந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவது இவர்கள் வழக்கம். காய்களை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள். “ஏங்க மந்திரிய பின்னாடி இழுத்தீங்க? என் குதிரை வந்தத பாக்கலியா?”

“பாத்தேன்,” என்றாள் இசக்கிசெல்வி.

“பின்ன?”

“எங்கம்மா அந்த எடத்துல சிப்பாயத்தான் தள்ளுவா.”

ஷாரோனுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவும் ஆடுவாங்களா என்று ஆர்வமாகக் கேட்டாள். இசக்கிசெல்வி தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தாளை மடித்து வைத்துக்கொண்டு, கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்தாள். அண்ணனைத் தாண்டி நடந்தாள். வாசல் மேசையில் தன் உறையை வாங்கினாள். போனை ஆன் பண்ணவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் பைக் நின்றது. வெயில் நேர் உச்சியில் இருந்தது. பெற்றோர்கள் அங்கங்கே குடையும் தண்ணீர் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சிராஜ் சாவியை எடுத்தான். எங்கே ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“ஜெயிப்பேன்னு ஆடலண்ணே,” என்றாள் அவள். தரையைப் பார்த்துச் சொன்னாள். “எந்திரிச்சா நீ சொல்லிருவ. அதான் உக்காந்திருந்தேன்.”

 அவன் கண் நிறைந்து வெளிச்சமெல்லாம் கலங்கியது. நான் உள்ளே வந்திருக்கக் கூடாது, வெளியேயே நின்றிருக்கலாம், அம்மா மாதிரி காம்பவுண்டுக்கு வெளியே நின்றிருக்கலாம் என்று சொல்ல நினைத்தான். அது வரவில்லை. மாமாவிடம் சொன்னதைத்தான் சொன்னான். “ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லிருக்கேன். யாரு கேட்டாலும் ஒனக்குத் தெரியாது. நான் இங்க வச்சுத்தான் சொன்னேன், என்ன?”

 அவள் முகத்தை நிமிர்த்தி அவனை நேராகப் பார்த்தாள்.

“சரி. இப்பச் சொல்லு.”

அவன் சொன்னான். காலையில், தண்ணி பிடிக்கும்போது, வலி ஒன்றும் இல்லையாம், டாக்டர் சொன்னார். செல்லம்மாளும் பக்கத்து வீட்டு மாடத்தியும்தான் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். சொல்லச் சொல்ல அவனுக்கே அப்போதுதான் அது நடந்தது போலிருந்தது. அவள் முதன்முதலாகக் கேட்கிறவளைப் போலவே கேட்டாள். கடைசியில், “எத்தன மணிக்கு?” என்று மட்டும் கேட்டாள். சொன்னான். அந்நேரம் தான் எங்கே இருந்தோம் என்று நினைத்துப் பார்க்கிறவள்போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பைக்கில் ஏறி உட்கார்ந்து, துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டினாள். ஊர் எல்லை தாண்டி ஒரகடம் ரோட்டில் ஏறியதும் அவன் வண்டியை முறுக்கினான். மாமா காத்திருக்கிறார், வண்டிக்காரன் காத்திருக்கிறான். அவள் பின்னாலிருந்து அவன் தோளைத் தொட்டாள்.

“அண்ணே, மெதுவாப் போ.”

அவன் வேகத்தைக் குறைத்தான். முப்பதில் போனான், பிறகு இருபதில் போனான். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு பின்னால் வந்த நீளமான ட்ரெய்லர் ஒன்று ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, அவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போயிற்று.